தொடக்கப் பள்ளியில் ஆங்கிலம் வாசிக்கவும் எழுதவும் கற்பித்தல்: புதிதாகப் பணியேற்கும் ஆசிரியருக்கு

நான் இடைநிலை ஆசிரியராகப் பணியேற்றது ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். அது ஈராசிரியர் பள்ளி. 4, 5ஆம் வகுப்புகளைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்ள, 1 முதல் 3 வரை என் பொறுப்பு. முதல் ஆண்டு செப்டம்பர் மாதம், 3ஆம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஆங்கிலப் பாடத்தைத் தங்குதடையில்லாமல் வாசிப்பதைக் கேட்டு நான் பூரித்துப்போயிருந்தேன். ஏதோ ஒரு நினைப்பில், அதே பத்தியிலிருந்த ஐந்து சொற்களை வரிசை மாற்றிக் கரும்பலகையில் எழுதி அவளை வாசிக்கச் சொன்னேன். அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு, "படம் எங்க டீச்சர்?" என்று கேட்டாள். படத்தைப் பார்த்து எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு, மனப்பாடமாக இருந்த வரிகளை அவள் ஒப்பித்துவந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வகுப்பிலிருந்த 11 பேரில் ஒன்பது பேர் அப்படித்தான் இருந்தார்கள். அது குழந்தைகளின் தவறன்று. நான் கற்பித்த முறை அப்படிப்பட்டது.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் தடுமாறித் திருத்திக்கொண்டவற்றை, இந்த ஜூனில் பணியேற்கப்போகும் உங்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். தமிழ்வழி வகுப்பை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், பிள்ளைகளின் வீட்டுமொழி தமிழாக இருக்கும்வரை ஆங்கிலவழிப் பிரிவுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. முதல் வாரத்தில் கையில் வாங்க வேண்டியவை

பணியேற்பு அறிக்கை, பணிப்பதிவேடு ஆகியவற்றைத் தலைமையாசிரியரும் வட்டாரக் கல்வி அலுவலகமும் பார்த்துக்கொள்வார்கள். ஆங்கில வகுப்புக்கென்று நீங்களே கேட்டு வாங்க வேண்டியவை வேறு. அந்தப் பருவத்துக்கான பாடநூல், தொடக்க வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தரும் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டத்தின் பயிற்சி நூல், அதற்கான ஆசிரியர் கையேடு, பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்திலும் பள்ளிக் கல்வித் துறையின் டிஎன்எஸ்இடி செயலியிலும் நுழைவதற்கான உங்கள் பெயரிலான அடையாள எண், முன்பிருந்த ஆசிரியர் விட்டுச்சென்ற மதிப்பீட்டுப் பதிவேடு ஆகிய ஐந்தும் முதல் வாரத்துக்குள் உங்கள் மேசையில் இருக்க வேண்டும். நூல்கள் பருவந்தோறும் தனித்தனியாக வருபவை. ஆகவே, "போன வருஷத்துப் புத்தகம் இருக்கிறதே" என்று யாராவது சொன்னால், எந்தப் பருவம் என்று அட்டையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வட்டார வள மையத்தில் பருவத் தொடக்கத்தில் நடக்கும் பயிற்சியின் தேதியையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்து ஒரு வாரம் கழித்துப் பணியேற்பவர்களும் உண்டு. அப்படியானால் உங்கள் பள்ளிக்குப் பொறுப்பான ஆசிரியர் பயிற்றுநரின் எண்ணை வாங்கி, அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு முன்பாகவே அவரிடம் அரை மணிநேரம் கேட்டுவிடுவது நல்லது. நான் கூச்சப்பட்டுக்கொண்டு மூன்று மாதம் கேட்காமலேயே இருந்தேன்.

2. பாடத்தைத் தொடுவதற்கு முன் அளந்து பாருங்கள்

எண்ணும் எழுத்தும் வகுப்பில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று, கீழிருந்து மேலாக மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பார்கள். சென்ற ஆண்டின் நிலையை அப்படியே நம்பி ஜூனில் தொடங்கிவிடாதீர்கள். கோடை விடுமுறையில் மறந்தவர்கள் இருப்பார்கள். படத்தைப் பார்த்து ஒப்பித்து மேல்நிலைக்குப் போன என் மாணவியைப் போன்றவர்களும் இருப்பார்கள்.

ஒரு குழந்தைக்கு மூன்று நிமிடம் போதும். கிராமப்புறக் குழந்தைகளின் கற்றல்நிலையை அளக்கப் பிரதம் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் ஏசர் ஆய்வின் ஆங்கில வாசிப்புத் தாள் இதற்கு நன்றாகப் பயன்படும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எளிய சொல், எளிய வாக்கியம் என்று நான்கு படிகளில் ஒரே பக்கத்தில் அமைந்திருக்கும். ஐந்து எழுத்து கேட்டு நான்கு சரியாக வந்தால் அந்தப் படியைக் கடந்ததாகக் கொள்வது அதிலுள்ள முறை. அதனுடன் நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: 'மிப்', 'டுப்' போன்ற, பொருளே இல்லாத மூன்று சொற்களை அட்டையில் எழுதிக் காட்டுவேன். மனப்பாடம் இங்கே உதவாது. எழுத்துகளை ஒலியாக்கிக் கூட்டத் தெரிந்த குழந்தை மட்டுமே அவற்றை வாசிக்கும்.

28 பிள்ளைகளுக்கு எனக்கு நான்கு காலைப் பொழுதுகள் ஆயின. காலை உணவு முடிந்து, மணி அடிப்பதற்கு முன் கிடைக்கும் இருபது இருபத்தைந்து நிமிடங்களை இதற்கு வைத்துக்கொண்டால் பாடவேளை வீணாகாது. மற்றப் பிள்ளைகள் காதில் விழாத இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வரிசையில் நிற்பவன் முன்னால் இருப்பவன் சொன்னதைக் கேட்டே சொல்லிவிடுவான்.

இந்தச் சோதனையின்போது தாளை மூக்குக்கு அருகே கொண்டுபோகும் குழந்தையையும், பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் குழந்தையையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் முதலில் காட்ட வேண்டியவர்கள் அவர்கள். மெதுவாகக் கற்பவன் என்று நான் ஓராண்டு எண்ணியிருந்த ஒருவனுக்கு வேண்டியிருந்தது ஒரு மூக்குக்கண்ணாடி.

3. 1ஆம் வகுப்பில் முதல் நான்கு வாரம் எழுத்தே வேண்டாம்

ஜூன் மாதத்திலேயே நோட்டில் வரிசையாக எழுதவைக்க வேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்ப்பார்கள். சில இடங்களில் சக ஆசிரியர்களும் எதிர்பார்ப்பார்கள். இணங்காதீர்கள். காதில் விழாத ஒலியை எந்தக் குழந்தையும் எழுத்தில் அடையாளம் காணாது. முதல் நான்கு வாரமும் பாட்டு, கட்டளை விளையாட்டு, பொருளைக் காட்டிப் பெயர் சொல்வது ஆகியவையே போதும்.

எந்தச் சொற்களில் தொடங்குவது என்பதற்கு வீட்டையும் தெருவையுமே பாருங்கள். பஸ், கப், பென், ஜக், மக், பின், பெட், பேக் ஆகியவற்றை எந்தக் கிராமத்துக் குழந்தையும் தமிழ்ச் சொற்களாகவே எண்ணிப் பேசிக்கொண்டிருக்கும். இவையெல்லாம் பின்னால் வாசிக்கக் கற்கப்போகும் மூன்றொலிச் சொற்கள். பொருள் முன்பே தெரியும் என்பதால் வாசிப்பு மட்டுமே புதிதாகும். பார்த்தேயிராத பழத்தின் பெயரையும் விலங்கின் பெயரையும் கொண்டு தொடங்கினால், குழந்தைக்கு ஒரே நேரத்தில் மூன்று சுமை.

4. எழுத்தின் பெயரை ஒதுக்கிவைத்து, ஒலியைக் கொடுங்கள்

இந்தப் படியில்தான் நான் ஓராண்டை வீணடித்தேன். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நம் வகுப்பறைகளில் வழிவழியாக வரும் முறை, "சி ஏ டி கேட், கேட்னா பூனை" என்று கூட்டமாகப் பாடுவது. எழுத்தின் பெயர்களை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'சி', 'ஏ', 'டி' ஆகிய மூன்றும் சேர்ந்து அந்தச் சொல்லாகிவிடாது. தமிழில் 'ப' என்ற எழுத்தின் பெயரும் அதுவே, ஒலியும் அதுவே என்று பழகிய குழந்தைக்கு, பெயர் வேறாகவும் ஒலி வேறாகவும் உள்ள எழுத்துமுறை முற்றிலும் புதிது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளுக்காக உழைக்கின்றன என்பது அடுத்த சிக்கல்.

பெயரிலேயே இன்னொரு பொறியும் உண்டு. தமிழில் எழுதும்போது 'பி' என்று இரண்டு எழுத்துகளுக்கும், 'டி' என்று வேறிரண்டு எழுத்துகளுக்கும் ஒரே பெயர் வந்துவிடுகிறது. இந்தக் கட்டுரையை எழுதும் எனக்கே அது இடைஞ்சலாக இருப்பதால், வகுப்பில் நாங்கள் வைத்துக்கொண்ட பெயர்களையே இங்கும் பயன்படுத்துகிறேன்: பந்துப்-பி (b), பேனாப்-பி (p), நாய்-டி (d), மேசை-டி (t). உங்கள் பிள்ளைகளின் காதுக்கும் இவை ஒன்றாகவே விழும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இங்கே நமக்குத் தமிழே கைகொடுக்கிறது. 'அப்பா' என்று சொல்லும்போது வருவது பேனாப்-பி ஒலி. 'தம்பி' என்று சொல்லும்போது வருவது பந்துப்-பி ஒலி. 'பாட்டி'யில் மேசை-டி இருக்கிறது. 'வண்டி'யில் நாய்-டி இருக்கிறது. 'அக்கா'வின் ககரமும் 'தங்கை'யின் ககரமும் வேறு வேறு ஒலிகள். ஒரே எழுத்து என்பதால் குழந்தைகள் அந்த வேறுபாட்டைக் கவனித்ததே இல்லை. ஆனால் வாய் அதைப் பிறந்ததிலிருந்து பிழையில்லாமல் செய்துவருகிறது. "அப்பா, தம்பி, அப்பா, தம்பி" என்று பத்துமுறை சொல்லவைத்துத் தொண்டையில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். நான்காம் முறையிலேயே ஒரு பையன், "டீச்சர், தம்பிக்கு மட்டும் உள்ள கிர்ருங்குது" என்றான். அதன்பின் அந்த இரண்டு எழுத்துகளுக்கும் எங்கள் வகுப்பில் அப்பா எழுத்து, தம்பி எழுத்து என்றே பெயராகிவிட்டது.

தமிழ் தரும் அடுத்த உதவி புள்ளி. ஒலியைச் சொல்லித்தரும்போது நாம் நம்மையறியாமல் 'பு', 'டு', 'கு' என்று உகரம் சேர்த்துச் சொல்கிறோம். 'பஸ்'ஸை 'பஸ்ஸு' என்றும் 'கப்'பை 'கப்பு' என்றும் பேசும் நாக்கு நம்முடையது. 'பு-அ-ஸு' என்று எத்தனைமுறை கூட்டினாலும் 'பஸ்' வராது. "புள்ளி வைத்த எழுத்தைப் போலச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சொன்னால், மெய்யெழுத்து கற்ற குழந்தை உடனே 'ப்' என்று நிறுத்திக்கொள்கிறது. வேறு மொழி ஆசிரியர்கள் படாதபாடு படும் இடத்தை நாம் ஒரு புள்ளியில் கடந்துவிடலாம்.

எந்த வரிசையில் ஒலிகளைத் தருவது? அகரவரிசையில் போகாதீர்கள். எஸ், ஏ, மேசை-டி, பேனாப்-பி, ஐ, என் ஆகிய ஆறையும் முதலில் முடித்தால், பின், டின், பேன், டிப், நிப், ஸிட் என்று ஒரு டஜனுக்கு மேற்பட்ட சொற்கள் உடனே கிடைக்கும். அகரவரிசையில் முதல் ஆறு எழுத்தைக் கொண்டு இந்த அளவுக்குச் சொல் தேற்ற முடியாது. வாரத்துக்கு மூன்று ஒலிக்கு மேல் வேண்டாம். பந்துப்-பியையும் நாய்-டியையும் ஒரே மாதத்தில் அறிமுகப்படுத்த வேண்டாம்; சிறிய எழுத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம்.

உயிரொலிகளில் இரண்டு இடங்களில் அதிக நேரம் தேவைப்படும். 'கப்' என்பதில் யூ எழுத்து 'அ' என்று ஒலிப்பதைப் பிள்ளைகள் எளிதில் ஏற்பதில்லை. பூனையைக் குறிக்கும் சொல்லின் நடுவிலுள்ள ஒலியோ தமிழில் இல்லவே இல்லை. அகரத்துக்கும் ஏகாரத்துக்கும் நடுவில், வாயை அகலத் திறந்து சொல்ல வேண்டிய ஒலி அது. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து வாயைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சிரிப்பும் கும்மாளமுமாக அந்தப் பாடவேளை போய்விடும், போகட்டும்.

5. ஒலிகளைக் கூட்டி வாசிக்கவைத்தல்

'க்' கூட்டல் 'இ', 'கி' என்று உயிர்மெய் கற்றிருக்கும் குழந்தைக்கு ஒலிகளைக் கூட்டுவது புதிய வித்தை அன்று. தமிழில் கூட்டியபின் ஒரே எழுத்தாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் கூட்டியபின்னும் தனித்தனியாகவே நிற்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிவிட்டால், 2ஆம் வகுப்புப் பிள்ளைகள் வியக்கத்தக்க வேகத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். இதனாலேயே, தமிழ் உயிர்மெய்யில் தடுமாறும் குழந்தைக்கு ஆங்கிலக் கூட்டலை அவசரப்பட்டுத் தராதீர்கள் என்பேன். அவனுக்குத் தமிழில் ஒரு மாதம் கூடுதலாகச் செலவிட்டால், ஆங்கிலத்தில் இரண்டு மாதம் மிச்சமாகும்.

விரலை எழுத்தின் கீழ் வைத்து, முதல் ஒலியை நீட்டிக்கொண்டே இரண்டாவதற்குப் போகப் பழக்குங்கள். நீட்ட முடியாத 'ப்', 'ட்', 'க்' ஆகியவற்றில் தொடங்கும் சொற்களை விட, நீட்டக்கூடிய 'ஸ்', 'ம்', 'ன்' ஆகியவற்றில் தொடங்கும் சொற்கள் முதல் வாரத்துக்கு எளிது.

இப்போது, எல்லா வகுப்பிலும் நான் கண்ட பெரிய பொறிக்கு வருகிறேன். ஆங்கிலச் சொல்லுக்கு மேல் பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதிக்கொடுக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். முதலாவதாக, குழந்தையின் கண் தமிழை மட்டுமே பார்க்கும்; கீழே இருக்கும் ஆங்கிலம் வெறும் கோலமாகிவிடும். இரண்டாவதாக, தமிழ் எழுத்து அந்த ஒலிகளைத் தாங்காது. பூனையையும் 'கேட்' என்றுதான் எழுதுவோம். வாசற்கதவையும் 'கேட்' என்றுதான் எழுதுவோம். பையும் 'பேக்', முதுகும் 'பேக்', அடுப்பில் சுடுவதும் 'பேக்'. என் வகுப்பில் ஒருவன், "கேட் பால் குடித்தது" என்ற வரியைக் கேட்டுவிட்டு வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தான். நோட்டில் நான் எழுதிக்கொடுத்ததையே அவன் நம்பியிருக்கிறான். வீட்டில் அக்காமார்களும் டியூஷன் நடத்துபவர்களும் இதைத்தான் செய்வார்கள். பெற்றோர் கூட்டத்தில் பொறுமையாகச் சொல்லுங்கள்.

மூன்றொலிச் சொற்கள் கைவந்தபின், 'ஸ்' என்று தொடங்கும் இணைமெய்ச் சொற்கள், அதாவது இரண்டு மெய்யொலி அடுத்தடுத்து வரும் சொற்கள், வரும். நம் பிள்ளைகள் 'இஸ்கூல்', 'இஸ்டூல்' என்று முன்னால் ஓர் இகரம் போடுவார்கள். கேலி செய்யாமல், பாம்பைப் போல 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டிவிட்டுப் பிறகு 'கூல்' என்று சேர்க்கச் சொன்னால் சரியாகிவிடும். இரண்டு எழுத்து சேர்ந்து ஓர் ஒலி தரும் இணைகள் அதற்கடுத்து. சொல்லின் கடைசியில் ஒலிக்காமல் நிற்கும் ஈ எழுத்தை 3ஆம் வகுப்பின் இரண்டாம் பருவத்துக்கு ஒதுக்குங்கள்: மூன்றெழுத்து 'கிட்' சொல்லின் கடைசியில் அதை ஒட்டினால் 'கைட்' ஆகிப் பட்டம் பறக்கும். ஒட்டி ஒட்டி எடுக்கும் அட்டையாக இதைச் செய்துவைத்தால் பிள்ளைகள் ஓய்வுநேரத்திலும் விடமாட்டார்கள்.

ஒலிவிதிக்கு அடங்காமல் அடிக்கடி வரும் சொற்களைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லப் பழக்கத்தான் வேண்டும். டோல்ச் பட்டியல் என்று வழங்குவதில் அடிக்கடி வரும் 220 ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன; அதில் பலவற்றை ஒலிகூட்டியே வாசித்துவிடலாம் என்பதால், அடங்காதவற்றை மட்டும் வாரத்துக்கு நான்காகச் சுவரில் ஏற்றுங்கள். இருபது சொற்களை ஒரே சார்ட்டில் எழுதி ஒட்டினால் அது சுவருக்கு அலங்காரமாகிவிடும்.

6. எழுதவைத்தல்

பெரிய எழுத்தில் தொடங்கும் வழக்கம் எங்கும் இருக்கிறது. ஆனால், புத்தகத்தில் குழந்தை காண்பதில் பெரும்பகுதி சிறிய எழுத்தே. ஆகவே சிறிய எழுத்தை ஒலியோடு சேர்த்து முதலில் கொடுத்துவிட்டு, பெரிய எழுத்தை இரண்டாம் பருவத்தில் பெயர், ஊர், வாக்கியத் தொடக்கம் ஆகியவற்றோடு தாருங்கள்.

நான்கு கோடு நோட்டில் சிறிய எழுத்து 26-ல் 14 எழுத்துகள் நடு இடைவெளிக்குள்ளேயே அடங்கும். 7 எழுத்துகள் மேலே எழும். 5 எழுத்துகள் கீழே இறங்கும். இரண்டு கோடு நோட்டில் தமிழ் எழுதிப் பழகிய கைக்கு மேலும் கீழும் போவது உடனே வராது. நடுப் பட்டையைப் பச்சைக் கலர் பென்சிலால் தீட்டி, "பச்சை வயல், இந்த எழுத்து வயலுக்குள் நிற்கும், இது மரம், இது கிணறு" என்று சொல்லிப் பாருங்கள்.

எழுதும் திசையையும் கவனியுங்கள். நாய்-டி வளைவில் தொடங்கிக் கோட்டில் முடியும். பந்துப்-பி கோட்டில் தொடங்கி வளைவில் முடியும். முடிந்த எழுத்தை மட்டும் பார்த்துத் திருத்தினால் இந்தக் குழப்பம் 5ஆம் வகுப்புவரை தொடரும். எழுதும்போது பக்கத்தில் நின்று கையைப் பாருங்கள். மணல் பரப்பிய தட்டிலும் சிலேட்டிலும் முதலில் பழக்கிவிட்டு நோட்டுக்கு வருவது நல்லது. ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்தை எழுதச் சொன்னால், மூன்றாம் வரியிலிருந்து எழுத்து கோணத் தொடங்கும். அதற்குமேல் எழுதுவதெல்லாம் பிழையைப் பழகுவதுதான். இரண்டு வரி போதும்.

7. சொல்வதெழுதுதலைத் தினமும் வையுங்கள்

பார்த்து எழுதுவது பெரும்பாலும் ஓவியம். அழகான கையெழுத்தில் நோட்டை நிறைத்த பிள்ளைகளால் தாங்கள் எழுதியதை வாசிக்க முடியாததை நான் பார்த்திருக்கிறேன். மாறாக, தினமும் மூன்று சொல், வெள்ளிக்கிழமை ஒரு சிறு வாக்கியம் என்று சொல்வதெழுதுதல் வைத்தால், எந்த ஒலி யாருக்கு நிற்கவில்லை என்பது சிலேட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லும் ஒரே நொடியில் தெரிந்துவிடும்.

'பஸ்' என்ற சொல்லை யூ எழுத்துக்குப் பதில் ஏ எழுத்தைப் போட்டு எழுதும் குழந்தைக்குச் சிவப்பு மையால் பெருக்கல் குறி போடாதீர்கள். மூன்று ஒலி கேட்டிருக்கிறது, மூன்று எழுத்து எழுதியிருக்கிறது, இரண்டு சரி. "நடுவுல இருக்கிற எழுத்தை மட்டும் மாத்திப் பாரு, கண்ணு" என்றால் தானே திருத்திக்கொள்ளும். எழுத்துக்கூட்டை ஐந்துமுறை எழுதும் தண்டனையை நான் கைவிட்டபின்தான், பிள்ளைகள் தெரியாத சொல்லையும் துணிந்து எழுத முயன்றார்கள்.

8. செலவும் ரசீதும்

பாடநூலும் பயிற்சி நூலும் நோட்டும் அரசு விலையில்லாமல் தருகிறது. பெற்றோரிடம் எதற்காகவும் பணம் வசூலிக்காதீர்கள்; "பத்து ரூபாய்தானே" என்று தொடங்குவது புகாரில் போய் முடியும்.

முதல் ஆண்டு நான் 3,400 ரூபாய் கைப்பணம் போட்டு, அச்சடித்த சார்ட்டுகளும் பிளாஸ்டிக் எழுத்துகளும் வாங்கினேன். எழுத்துகள் அனைத்தும் பெரிய எழுத்து; சார்ட்டில் இருந்த படங்களில் பாதி என் பிள்ளைகள் பார்த்தேயிராதவை. இரண்டாம் ஆண்டு மொத்தச் செலவு 600 ரூபாய்க்குள் அடங்கியது: மார்க்கர் பேனா, செல்லோடேப், கிளிப், கலர் பென்சில், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. எழுத்தட்டைகளுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப்பக்கத்தை வெட்டிக்கொண்டோம். வைகாசி முகூர்த்தங்கள் முடிந்தபின் பிள்ளைகளிடம் சொன்னால் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். உயிரெழுத்துகளைச் சிவப்பிலும் மற்றவற்றைக் கறுப்பிலும் எழுதுங்கள்.

பள்ளி மானியத்தில் வாங்க விரும்பினால் வழி இருக்கிறது. சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் நெறிமுறைப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாயும், 31 முதல் 100 வரை உள்ள பள்ளிக்கு 25,000 ரூபாயும் ஒருங்கிணைந்த மானியம். சுண்ணாம்பு, மின்கட்டணம், கழிப்பறைத் தூய்மை எல்லாம் அதற்குள்ளேயே என்பதால் ஆங்கிலத்துக்குப் பெரிய பங்கு கிடைக்காது. வரிசை முக்கியம்: முதலில் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், பிறகு கொள்முதல், பிறகு பள்ளியின் பெயரிலேயே ரசீது, கடைசியில் இருப்புப் பதிவேட்டில் பதிவு. நான் முதலில் பொருளை வாங்கிவிட்டுப் பிறகு தீர்மானத்துக்குக் காத்திருந்தேன். அந்த 850 ரூபாய் இன்றுவரை என் கணக்கில்தான் இருக்கிறது. மானியம் எந்த மாதம் வரும் என்பதும் உறுதியில்லை. ஜூனில் தேவைப்படுவதை அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

9. எவ்வளவு காலம் ஆகும்

நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து நிமிடம் பழைய ஒலிகள், பத்து நிமிடம் புதிய ஒலியும் கூட்டலும், பத்து நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் எழுத்து, கடைசி ஐந்து நிமிடம் நீங்கள் வாசிக்கப் பிள்ளைகள் கேட்கும் கதை. மூன்று வகுப்பு ஒரே அறையில் இருந்தால் வகுப்புவாரியாகப் பிரிக்காமல் நிலைவாரியாக உட்காரவையுங்கள். ஒரு குழு உங்களோடு, ஒரு குழு அட்டைகளோடு, ஒரு குழு நோட்டோடு. சத்தம் இருக்கத்தான் செய்யும்.

ஜூனில் தொடங்கினால், முதல் ஆறு ஒலியில் சொற்களை வாசிப்பது ஆகஸ்ட் நடுவில் வந்துவிடும். 26 எழுத்துகளின் ஒலியும் மூன்றொலிச் சொற்களும் அரையாண்டுத் தேர்வுக்கு முன் பெரும்பாலானோருக்கு நிற்கும். இணைமெய், இரட்டை எழுத்து ஒலிகள், சிறு பத்தி ஆகியவற்றுக்கு மூன்றாம் பருவம் முழுவதும் வேண்டும். 28 பேரில் நான்கைந்து பேருக்கு இன்னும் ஓராண்டு ஆகும். 3ஆம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்ற, மத்திய அரசின் அடிப்படை எழுத்தறிவுத் திட்டமான நிபுண் பாரத் வைத்திருக்கும் அளவைத் தூக்கி ஆங்கிலத்தின்மீது வைக்காதீர்கள். பொருள் புரிந்து நிமிடத்துக்கு முப்பது சொல் வாசிக்கும் தமிழ்வழிக் குழந்தையைக் கண்டால் நான் மகிழ்ச்சியடைவேன்.

அக்டோபரில் காலாண்டு விடுமுறை முடிந்து திரும்பும்போது பாதி மறந்திருக்கும். பயப்படாதீர்கள்; ஒரு வாரத்தில் திரும்பிவிடும். அந்த வாரத்தில் புதிய ஒலி எதையும் தராதீர்கள்.

10. பதிவும் ஒப்படைப்பும்

செயலியில் பதிவேற்ற வேண்டிய மதிப்பீடுகளை முதலில் தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் மாலையில் எல்லாப் பள்ளியும் ஒரே நேரத்தில் திறப்பதால் செயலி சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் ஊரில் சிக்னலுக்குத் தண்ணீர்த்தொட்டி மேட்டுக்குப் போக வேண்டும். இரண்டு நாள் முன்னதாக முடித்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

அரசுப் பதிவேடுகளைத் தவிர, உங்களுக்கென்று ஒரு 80 பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம். இடப்பக்கம் தேதி, நடுவில் நின்ற ஒலிகள், வலப்பக்கம் நிற்காத ஒலிகள். ஆய்வுக்கு வரும் அலுவலர் 'ஏன் இந்தக் குழந்தை பாடத்தை வாசிக்கவில்லை' என்று கேட்டால், ஜூனில் எங்கிருந்தது, இப்போது எங்கிருக்கிறது என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம். வாய்விளக்கம் எடுபடாத இடத்தில் அந்தப் பக்கம் எனக்கு இரண்டுமுறை கைகொடுத்திருக்கிறது.

மாறுதல் கலந்தாய்வில் உங்களுக்கு வேறு பள்ளி கிடைத்தால், அந்த நோட்டை உடன் எடுத்துச் செல்லாதீர்கள். படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் தலைமையாசிரியரிடம் கையொப்பம் வாங்கி ஒப்படையுங்கள். முதல் பக்கத்தில், எந்த ஒலிவரை எல்லோருக்கும் முடிந்தது, எந்த நான்கு பேருக்குத் தனியே நேரம் தேவை, எந்த எழுத்துக்கு வகுப்பில் என்ன பெயர் வழங்குகிறது என்ற மூன்றையும் எழுதிவையுங்கள். மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். எனக்குப்பின் அந்த வகுப்புக்கு வந்த ஆசிரியர், "பிள்ளைகள் ஏதோ அப்பா எழுத்து, தம்பி எழுத்து என்கிறார்களே, அது என்ன?" என்று தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ள இரண்டு வாரம் ஆகியிருந்தது.